கடையில் மிச்சக்காசு பிழைக்காது, கணிதப் பேப்பரில் 28 புள்ளி: தரம் 4 மகனுக்கு எப்படி உதவுவது?

பாலையூற்று அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் திருகோணமலை, பாலையூற்று. வீட்டோடு சேர்த்துச் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கணவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் தரம் 8, அவளைப் பற்றி யோசனை இல்லை. சின்னவன் தரம் 4. அவனுடைய கணிதம்தான் என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை.

இரண்டாம் தவணைப் பரீட்சையில் தமிழ் 71, சுற்றாடல் 68, கணிதம் 28. முதலாம் தவணையில் 34 எடுத்தவன், இப்போது அதிலும் குறைந்துவிட்டது.

எனக்கு விளங்காத விஷயம் இதுதான். பின்னேரம் நான் சமைக்கும்போது கடையில் அவன்தான் நிற்பான். போன கிழமை ஒரு அக்கா வந்து சாமான் வாங்கினா. 255 ரூபாய் வந்தது, 500 ரூபாய்த் தாள் கொடுத்தா. நான் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்ப்பதற்குள் இவன் லாச்சியைத் திறந்து 245 ரூபாயை எண்ணிக் கையில் வைத்துவிட்டான். பேனை இல்லை, பேப்பர் இல்லை, கல்குலேற்றரும் இல்லை. இன்றுவரை மிச்சக்காசில் ஒரு நாளும் பிழைவிட்டதில்லை.

அதே பிள்ளையின் பேப்பரில் 302 இலிருந்து 148ஐக் கழிக்க வந்திருக்கிறது. 246 என்று எழுதியிருக்கிறான். அடுத்த கணக்கில் எழுதி எழுதி அழித்து, அழிறப்பர் பட்டு அந்த இடத்தில் தாளே கிழிந்திருக்கிறது. பின்பக்கம் முழுவதும் வெள்ளை. ஏன் மகன் இதில் ஒன்றுமே எழுதவில்லை என்று கேட்டால், "நேரம் முடிஞ்சுது அம்மா" என்கிறான். அந்தப் பின்பக்கத்தில் இருந்ததில் பாதி அவனுக்குத் தெரிந்த கணக்கு. காசுக் கணக்குக்கூட இருந்தது.

பரீட்சை நாள் காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துவிட்டான். போன தவணையும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் காட்டினோம், ஒன்றும் இல்லை என்றார்கள். பேப்பர் திருத்திக் கொடுத்த அன்று வகுப்பில் புள்ளிகளைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை பெயர் சொல்லி வாசித்தார்களாம். இவன் பெயர் இரண்டாவதாக வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் செய்து பார்த்தவை: இரவு 7 மணியிலிருந்து 9 மணிவரை கணக்குச் செய்ய வைத்தேன். 7ஆம் வாய்ப்பாட்டைப் பத்துத் தடவை எழுத வைத்தேன். கத்தியிருக்கிறேன். ஒருநாள் அடிமட்டத்தை எடுத்துக் கையை ஓங்கிவிட்டேன். அவன் கையைப் பின்னால் இழுக்கவில்லை, நீட்டிக்கொண்டே நின்றான். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அன்றோடு அந்த இரவுப் படிப்பை நிறுத்திவிட்டேன்.

அடுத்த வருடம் புலமைப்பரிசில் வருகிறது. எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். எனக்கு இப்போதைக்கு அது வேண்டாம், இவன் பயப்படாமல் ஒரு கணிதப் பேப்பரை எழுதி முடித்தால் போதும். இது ஏதாவது வருத்தமா? ரீச்சரிடம் போய் எப்படிக் கதைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அலஸ்தோட்டம் அப்பா:

அக்கா, முதலில் கண்ணைக் காட்டுங்கள். என் மகளுக்கும் கணக்கில் இதே பிரச்சினை இருந்தது. கொப்பியைப் பார்த்தால் செய்த கணக்கு சரி, ஆனால் கரும்பலகையில் போட்ட கணக்கு வேறு. ரீச்சர் 68 என்று எழுதினால் இவள் 63 என்று பார்த்து எழுதியிருக்கிறாள். நாங்கள் கவனக்குறைவு என்று ஏசிக்கொண்டிருந்தோம். தரம் 4இல் பாடசாலை வைத்தியப் பரிசோதனை வரும், அதில்தான் பிடிபட்டது. கண்ணாடி போட்ட பிறகு "அப்பா, தூரத்தில மரத்தில இலை தனித்தனியாத் தெரியுது" என்று சொன்னாள். அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள் மகனுக்கு அந்தப் பரிசோதனை முடிந்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. போட்டோக்கொப்பி மங்கலாக இருந்தாலும் 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாது.

நிலாவெளி வீதி:

இன்னும் ஒரு வருடம்தானே இருக்கிறது. நல்ல புலமைப்பரிசில் ரியூசனில் இப்போதே சேர்த்துவிடுங்கள். கிழமைக்கு ஒரு பாஸ் பேப்பர் செய்யச் செய்யப் பழகிவிடும். என் இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான் படித்தார்கள்.

கிண்ணியா ஓய்வுபெற்ற ஆசிரியை:

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். 31 வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள் நான். கண்ணைப் பற்றி மேலே தம்பி சொன்னது சரி, அதை முதலில் முடித்துவிடுங்கள். ரியூசனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த 246ஐ மறுபடி எடுத்துப் பாருங்கள். கண்டபடி எழுதிய விடை அல்ல அது. மூன்றில் ஒன்று போனால் 2. அடுத்ததில் மேலே 0, கீழே 4. நாலில் சைபர் போனால் 4. கடைசியில் மேலே 2, கீழே 8. எட்டில் இரண்டு போனால் 6. ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்தில் இருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறான். ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான், விதிதான் பிழை. அந்த விதியைக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். தரம் 1, 2இல் "சின்ன எண்ணில் இருந்து பெரிய எண்ணைக் கழிக்க ஏலாது" என்று சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளை அதை நம்பி வைத்துக்கொண்டிருக்கிறது. இதே பிழையை எத்தனையோ கொப்பிகளில் திருத்தியிருக்கிறேன்.

என் பேச்சை நம்ப வேண்டாம், அவனிடமே கேளுங்கள். அதே கணக்கைக் கொடுத்து, "மகன், நீங்க செய்யுறத எனக்குச் சொல்லிச் சொல்லிச் செய்யுங்கோ" என்று மட்டும் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். முகத்தில்கூடக் காட்டாதீர்கள்.

அடுத்தது கடை. 255க்கு 500 தந்தால் அவன் கழிப்பதில்லை தங்கச்சி. நின்று பாருங்கள். 255இல் இருந்து 5 வைத்து 260, 40 வைத்து 300, 200 வைத்து 500. கூட்டிக்கொண்டு மேலே போகிறான். கடைக்காரர் எல்லாரும் செய்வது அதுதான். அவன் தலைக்குள் கழித்தல் நன்றாகவே இருக்கிறது, ஆனால் பாடசாலையில் செய்வதும் இதுவும் ஒரே வேலை என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை.

நான் மட்டக்களப்பு ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி எடுத்தபோது ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர் சொன்ன மூன்று படிகளைப் படித்தோம். பிள்ளை முதலில் கையால் செய்யும், பிறகு படமாகப் பார்க்கும், அப்புறம்தான் இலக்கமும் குறியும். உங்கள் மகன் முதல் படியில் உறுதியாக நிற்கிறான். அங்கிருந்து ஒரேயடியாக மூன்றாவதுக்குப் பாயச் சொன்னால் விழத்தான் செய்வான்.

ஆகவே படத்தைக் கொடுங்கள். கொப்பியில் ஒரு நீளக் கோடு கீறுங்கள். இடது முனையில் 148, வலது முனையில் 302. இப்போது, "மகன், 148 ரூபாய்க்குச் சாமான், 302 ரூபாய் தந்திருக்கினம், மிச்சம் எவ்வளவு?" என்று கேளுங்கள். அவன் கடையில் பாய்வதுபோலக் கோட்டில் பாயட்டும். 2 வைத்தால் 150. 50 வைத்தால் 200. 100 வைத்தால் 300. இன்னும் 2. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் மேலே ஒரு வளைவு கீறி எண்ணை எழுதச் சொல்லுங்கள். பிறகு நாலையும் கூட்டினால் 154. எங்கள் கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். 400க்கு எத்தனை மீற்றர் குறைவு என்று பிள்ளைகளைக் கேட்பேன். நிலைக்குத்தாக எழுதிக் கழிக்கப் போன பிள்ளைக்கு நேரம் எடுக்கும், பாலத்தை மனதில் நடந்த பிள்ளை உடனே 4 என்று சொல்லும்.

ஆனால் பேப்பரில் நிலைக்குத்தாகவும் கேட்பார்கள், அதையும் விட முடியாது. அதற்குக் கடை லாச்சியே போதும். மூன்று நூறு ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய்க் குற்றி எடுங்கள். ஒரு ரூபாய்க் குற்றி தேடிப் பிடிக்கக் கஷ்டம் என்றால் ஒரு புளியங்கொட்டையை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தில் வெண்கட்டியால் மூன்று கட்டம் கீறி நூறு, பத்து, ஒன்று என்று பிரித்து வையுங்கள். இதில் இருந்து 148ஐ எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றில் 8 வேண்டும், இருப்பது 2. பத்துக் கட்டத்தில் போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் திகைப்பார்கள், காத்திருங்கள். அவன் கடைக்காரப் பிள்ளை. "நூறை மாத்தணும்" என்று அவன் வாயாலேயே வரும். ஒரு நூறைக் கொடுத்துப் பத்துப் பத்து ரூபாய்க் குற்றி வாங்கட்டும், அதில் ஒரு குற்றியைக் கொடுத்துப் பத்துப் புளியங்கொட்டை வாங்கட்டும். இப்போது 2 நூறு, 9 பத்து, 12 ஒன்று. எடுத்தால் மிச்சம் 1, 5, 4. நிலத்தில் ஒரு மாற்றம் நடந்தால் கொப்பியில் அதே மாற்றத்தை எழுத வேண்டும். கொப்பி சதுரக்கோட்டுக் கொப்பியாக இருக்கட்டும், ஒரு கட்டத்துக்கு ஒரு இலக்கம்.

"கடன் வாங்குதல்" என்ற சொல்லை நான் பாவிப்பதில்லை. கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும், இங்கே யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிள்ளை என்னிடமே கேட்டது, "ரீச்சர், எப்ப திருப்பிக் குடுக்கிறது?" என்று. அன்றிலிருந்து "மாற்றி எடு" என்றுதான் சொல்வேன்.

வருத்தமா என்று கேட்டிருந்தீர்கள். எண்களையே உணர முடியாத ஒரு கற்றல் இடர்பாடு உண்டு, டிஸ்கல்குலியா என்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு 7 பெரிதா 9 பெரிதா என்பதற்கே விரல் வேண்டியிருக்கும், மூன்று நான்கு பொருளைக்கூட எண்ணாமல் சொல்லச் சிரமப்படும், காசு மாற்றுவது பெரிய பாடாக இருக்கும். நீங்கள் எழுதியதில் அந்த அடையாளம் எதையும் நான் காணவில்லை. ஆனாலும் நான் அவனை நேரில் பார்க்கவில்லை. இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்தும் அசைவு இல்லை என்றால் வகுப்பாசிரியர் மூலம் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைக் கேளுங்கள்.

ரியூசன்: நிலாவெளி வீதித் தம்பியின் பிள்ளைகளுக்குச் சரிவந்திருக்கும், சந்தோசம். ஆனால் பிழையான விதியோடு போகிற பிள்ளை நூறு பாஸ் பேப்பர் செய்தால் அந்த விதியைத்தான் நூறு தடவை பழகும். முதலில் விதியைத் திருத்துங்கள்.

பாலையூற்று அம்மா:

ரீச்சர், நேற்றுப் பின்னேரம் கடையைச் சாத்திவிட்டு நீங்கள் சொன்னபடி கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ரெண்டில இருந்து எட்டுக் கழிக்கேலாது தானே அம்மா. அதான் மாத்தி எட்டில இருந்து ரெண்டக் கழிச்சனான்." நீங்கள் எழுதிய அதே வசனம்! வாயைப் பொத்திக்கொண்டு இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முடிந்தவரை இருந்தேன்.

பிறகு கோடு கீறினோம். 148ஐயும் 302ஐயும் எழுதி மிச்சக்காசு கேட்டேன். ஒரு நிமிஷம்கூட இல்லை, 154 என்றான். அப்புறம் தன்னுடைய பேப்பரை எடுத்து 246ஐயும் 154ஐயும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப 246 மிச்சம் குடுத்தா எங்களுக்கு நட்டம்" என்றான். எவ்வளவு நட்டம் என்று கேட்டேன். 92 என்றான், அதையும் கோடு கீறாமலே சொன்னான். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன், அவன் முன்னால் கண் கலங்கக்கூடாது என்று.

பந்திக் கணக்குத்தான் இன்னும் இடிக்கிறது. வாசிக்கிறான், ஆனால் கூட்டுவதா கழிப்பதா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்க்கிறான். சொல்லிக்கொடுக்கும் எண்ணையும் சில நேரம் பிழையாக எழுதுகிறான். தொண்ணூற்றாறு என்று சொன்னால் 906 என்று எழுதினான்.

மூதூர் புது ரீச்சர்:

அக்கா, நான் இப்போதுதான் தரம் 2 எடுக்கிறேன், ரீச்சர் அம்மாவைப்போல அனுபவம் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன 906 என் வகுப்பில் ஒவ்வொரு கிழமையும் வருவதால் எழுதுகிறேன்.

இது எங்கள் மொழியில் இருக்கிற ஒரு வளைவு. இருபது, முப்பது, நாற்பது என்று "பது" வந்தால் பத்துக்கள் என்று பிள்ளை பிடித்துக்கொள்கிறது. முந்நூறு, நானூறு என்று "நூறு" வந்தால் நூறுகள். எல்லாம் அழகாகப் போகும், 9இல் வந்து உடையும். 9க்கு ஒன்பது, அதில் "பது" இருக்கிறது, ஆனால் பத்து இல்லை. 90க்குத் தொண்ணூறு, "நூறு" காதில் விழுகிறது, ஆனால் நூறு இல்லை. 900க்குத் தொள்ளாயிரம், "ஆயிரம்" இருக்கிறது, ஆயிரம் இல்லை. மூன்றும் ஒரு படி மேலே உள்ள பெயரை வைத்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே தொண்ணூற்றாறு என்று கேட்ட பிள்ளை 906 என்று எழுதினால் அது காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறது. தரம் 4இலும் அவசரத்தில் இது வரும்.

நான் செய்வது: 88, 89, 90, 91 என்று வரிசையாகச் சத்தமாக எண்ண வைப்பேன், எண்ணும்போதே ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். 790, 890, 990 என்று பத்து நாள் எழுதினால் பிடிபட்டுவிடும். ஏச்சுத் தேவையில்லை.

பந்திக் கணக்கிலும் ஒரு சொல் வலை விரிக்கிறது. "அண்ணாவிடம் 45 மாங்காய் உண்டு. அது தம்பியிடம் உள்ளதைவிட 12 கூடுதலாகும். தம்பியிடம் எத்தனை?" பிள்ளை "கூடுதல்" என்பதைக் கண்டதும் கூட்டி 57 என்று எழுதிவிடும். சொல்லைப் பார்த்துச் செய்யாமல் ஆளைப் பார்த்துச் செய்யப் பழக்குங்கள். யாரிடம் அதிகம், யாரிடம் குறைவு? அதை இரண்டு பட்டையாகக் கீறட்டும், அண்ணாவுக்கு நீளப் பட்டை, தம்பிக்குக் கட்டைப் பட்டை. இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில் 12 என்று எழுதினால் தம்பியின் பட்டை 33 என்று கண்ணுக்கே தெரியும்.

இன்னொன்று, கணக்கை அவனையே சொல்லவிடுங்கள். எங்கள் ஊரில் கணக்குக்கா பஞ்சம்? கன்னியாவில் வெந்நீர்க் கிணறு 7. ஒவ்வொரு கிணற்றிலும் 4 வாளி அள்ளி ஊற்றினால் எத்தனை வாளி? 7ஆம் வாய்ப்பாட்டை என் பிள்ளைகள் அந்தக் கிணறுகளிலேயே படித்தார்கள். பத்துத் தடவை எழுத வைப்பதைவிட இது நின்றது. ஒரு பிள்ளை கோணேசர் கோயிலுக்குப் போன வழியில் கோட்டைக்குள் மான் எண்ணிக்கொண்டு வந்து, "19 மான், அதில 6 படுத்திருந்தது, நிண்டது எத்தனை?" என்று வகுப்பையே கேட்டான்.

உவர்மலைப் பொடியன்:

அக்கா, நான் ரீச்சர் இல்லை, ரைல்ஸ் பதிக்கும் வேலை செய்கிறேன். வயிற்றுவலி என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். அந்த வலி பொய் இல்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. தரம் 5வரை கணிதப் பேப்பர் அன்று காலையில் சாப்பிட்டால் சத்தி வரும். வீட்டில் நடிக்கிறான் என்றார்கள். எனக்கு உண்மையிலேயே வலித்தது.

பேப்பர் கையில் வந்ததும் காது அடைத்துவிடும். முதல் கணக்கு தெரியாவிட்டால் அதிலேயே நிற்பேன். அடுத்ததுக்குப் போகலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. போனால் ஏசுவார்கள் என்றே நினைத்தேன். உங்கள் மகனின் கிழிந்த தாளைப் பற்றி வாசித்தபோது என் பேப்பரைக் கண்டதுபோல இருந்தது.

அவனிடம் ஒருநாள் ஆறுதலாகக் கேளுங்கள், பேப்பர் எழுதும்போது என்ன நினைத்தாய் என்று. கணக்கைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். எனக்கு அதை முதலில் கேட்டவர் என் மாமா. அவரோடுதான் இந்த வேலைக்கும் போனேன். இன்று ஒரு அறையை அளந்தால் எத்தனை பெட்டி ரைல்ஸ், வெட்டுக்கு எவ்வளவு கூட எடுக்க வேண்டும் என்று நின்ற நிலையில் சொல்வேன். அந்தப் பெயர் வாசிப்பதை மட்டும் எப்படியாவது நிறுத்தச் சொல்லுங்கள் அக்கா. எனக்கு 29 வயது, என் பெயர் எத்தனையாவதாக வந்தது என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கிண்ணியா ஓய்வுபெற்ற ஆசிரியை:

தம்பி சொன்னதை ஒவ்வொரு ஆசிரியரும் வாசிக்க வேண்டும். பயம் வந்தால், கணக்கின் நடு விடைகளை வைத்திருக்கும் மனதின் இடத்தைப் பயம் பிடித்துக்கொள்ளும். செயல்நினைவு என்பார்கள். மாற்றி எடுத்த பத்தை ஞாபகம் வைக்க இடம் இருக்காது. தெரிந்த கணக்கும் பரீட்சையில் பிழைப்பது அதனால்தான்.

ரீச்சரிடம் போகும்போது அந்தப் பேப்பரையும் கோடு கீறிய கொப்பியையும் கொண்டுபோங்கள். முறைப்பாடு செய்வதுபோலத் தொடங்காமல், "ரீச்சர், இவன் இப்படி யோசிக்கிறான், நான் கண்டுபிடித்தேன், உங்களுக்கும் காட்ட வந்தேன்" என்று சொல்லுங்கள். எந்த ஆசிரியருக்கும் அது உதவி. பிறகு பெயர் வாசித்ததையும் சொல்லுங்கள், சொல்லாமல் வரவேண்டாம். பிள்ளை வீட்டில் அதை மறைத்தான் என்பதைச் சொன்னாலே போதும்.

வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், நாலைந்து கணக்கு. கிழமைக்கு ஒருநாள் சின்னப் பேப்பர் ஒன்று, 8 கணக்கு, மணிக்கூடு வைத்து. அந்த எட்டில் ஆறு அவனுக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். பேப்பர் கிடைத்ததும் எழுதாமல் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்க்கட்டும். தெரிந்ததுக்கு ஓரத்தில் சின்னப் புள்ளி. புள்ளி போட்டதை முதலில் செய்யட்டும். அழிறப்பரைக் கொடுக்காதீர்கள், பிழைத்தால் ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் எழுதலாம். அழிப்பதில்தான் அவன் நேரம் போயிருக்கிறது.

பாலையூற்று அம்மா:

மூன்றாம் தவணை முடிந்துவிட்டது. எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

கண் பார்த்தோம், கண்ணாடி தேவையில்லை என்றார்கள். ரீச்சரிடம் போனேன். போகும் வழியெல்லாம் நெஞ்சு படபடத்தது. அவ கொப்பியை வாங்கி, அந்த வளைவுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத இவனா செய்தவன்?" என்று கேட்டா. பெயர் வாசித்ததைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்தத் தவணை பேப்பரை ஒவ்வொருவர் மேசையிலும் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாவாம்.

தம்பி சொன்னபடி அவனிடம் கேட்டேன். இருட்டில், பாயில் படுத்திருக்கும்போது. முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பின்பக்கம் பாத்தனான் அம்மா. அது தெரிஞ்ச கணக்குத்தான். ஆனா முன்பக்கம் முடிக்காமப் போனா ரீச்சர் ஏசுவா எண்டு இருந்தனான்" என்றான். தெரிந்த கணக்கைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்திருக்கிறான் என் பிள்ளை.

பரீட்சை அன்று காலையில் வயிறு கொஞ்சம் நோகிறது என்றான். நடிப்பு என்று சொல்லவில்லை, இடியப்பத்தை வற்புறுத்தவும் இல்லை. ஒரு வாழைப்பழமும் தேத்தண்ணியும் போதும் என்றான், சரி என்றேன். முச்சக்கரவண்டியில் போகும்போது அப்பாவிடம் 990க்குப் பிறகு என்ன என்று கேட்டுக்கொண்டே போனானாம்.

கணிதம் 53. பேப்பரை நான் விரித்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் புள்ளி. பின்பக்கம் முழுவதும் எழுதியிருக்கிறான். 6 கணக்கு வெட்டித் திருத்தியது, தாள் எங்கும் கிழியவில்லை. நிலைக்குத்துக் கழித்தலில் இரண்டு பிழை இன்னும் இருக்கிறது, இரண்டிலும் நடுவில் சைபர். புளியங்கொட்டைப் போத்தல் கடை லாச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, விடுமுறையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பின்னத்தில் மட்டும் நாலுமே பிழை. கால்வாசி பெரிதா, மூன்றில் ஒன்று பெரிதா என்று கேட்டதற்கு, 3ஐவிட 4 பெரிது, அதனால் கால்வாசிதான் பெரிது என்று எழுதியிருக்கிறான். ரீச்சர், இதை எதில் தொடங்குவது?

கிண்ணியா ஓய்வுபெற்ற ஆசிரியை:

ரொட்டியில் தங்கச்சி. ஒரே அளவில் இரண்டு ரொட்டி சுடுங்கள். ஒன்றை நாலு பேருக்கும், மற்றதை மூன்று பேருக்கும் அவனையே பிரிக்கச் சொல்லுங்கள். பிரித்து முடிந்ததும் தனக்கு எந்தத் துண்டு வேண்டும் என்று அவனிடம் கேளுங்கள். அதுவரை பின்னம் என்ற சொல்லை எடுக்க வேண்டாம்.